ராஜாவின் கன்னம்

என் தாய்மாமாவுக்கு எதைக் கண்டாலும் எழுபதுக்கு மார்க் போடும் பழக்கம் இருந்தது. நூற்றுக்கு அல்ல, பத்துக்கும் அல்ல, எழுபதுக்கு. பழைய நாணயம் சேர்ப்பவர்களின் உலகத்தில் அதுதான் அளவுகோல். எழுபது என்றால் அச்சிலிருந்து விழுந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிற காசு. ஒன்று என்றால், காசு என்று அடையாளம் தெரிந்தாலே பெரிய விஷயம். மாமா அந்த அளவுகோலை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். அம்மாவின் சாம்பார் அறுபத்தொன்று. எதிர் வீட்டுக்காரரின் புது ஸ்கூட்டர், கைப்பிடியில் கீறல் இருந்ததால், ஐம்பத்தைந்து. சிப்காட்டைப் பேருந்து தாண்டும்போது ஜன்னல் வழியே வரும் நாற்றத்துக்கும் மார்க் உண்டு. அங்கே ஒரு சாயத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில்தான் அவருக்கு வேலை என்பதால் அதற்கு மட்டும் தாராளமாகப் போடுவார்.

"சாம்பாருக்கு மார்க் போடுறவனுக்கு நாளையிலேர்ந்து பழைய சோறுதான்" என்பாள் அம்மா. ஆனால் மறுநாள் மாமா நல்ல பசியோடு வந்தால் அதே சாம்பார் அறுபத்துநான்கு ஆகிவிடும். ஏன் என்று நான் கேட்டால், "நேத்து வெளிச்சம் சரியில்ல பாப்பா" என்பார்.

தேதி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அதனால் சரிபார்த்தே எழுதுகிறேன். தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் கடைசியில். மாமாவுக்குப் பெண் பார்க்க நாங்கள் கடலூரிலிருந்து சிதம்பரம் போனது அதற்குப் பிந்தைய மூன்றாவது தையில். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. இல்லை, மாசி என்கிறாள் அம்மா. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது அந்தப் பொங்கலுக்கு எடுத்து, கட்டி ஒரு வாரம்கூட ஆகாத புடவை என்பதை அவளே ஒப்புக்கொள்வதால், தை என்றே வைத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் மாமாவின் வாயால் தட்டிப்போயிருந்தன. இந்த இடத்தின் மேல் அம்மாவுக்கு நம்பிக்கை அதிகம், ஏனென்றால் பெண்ணின் அப்பாவும் பழைய காசு சேர்ப்பவர். ஆண்டவனே பார்த்து அமைத்துக்கொடுத்த சம்பந்தம் என்று நினைத்தாள். இருந்தாலும் பேருந்தில் எச்சரித்தாள்.

"அங்க போயி எதுக்கும் மார்க் போடாத. வாயை மூடிக்கிட்டு கேசரி சாப்புடு."

"கேசரி சாப்புட வாயத் தொறக்கணுமேக்கா."

"அதுக்கு மட்டும் தொற."

தெற்கு வீதிக்குப் பின்னால் இருந்தது வீடு. பெண் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். இரத்தத் துளி தடவிய கண்ணாடிச் சில்லுகளை நுண்ணோக்கி வழியாக நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. அவள் காபித் தட்டை நீட்டியபோது மாமா டம்ளரை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். "சார், காபி" என்று அவள் சொன்ன பிறகுதான் கை நீண்டது.

அந்த நேரத்தில்தான் அவள் அப்பா உள்ளேயிருந்து ஒரு சின்ன வெல்வெட் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே 1918ஆம் வருடத்து வெள்ளி ரூபாய். கிரீடமும் தாடியுமாக ஒரு வெள்ளைக்கார ராஜா. அவருடைய தாத்தா அரசாங்கக் கருவூலத்தில் குமாஸ்தாவாக இருந்தவராம். புதுக்காசு மூட்டை பிரித்த அன்றைக்கே அதை எடுத்துப் பட்டுத்துணியில் முடிந்துவைத்தாராம்.

"எங்க தாத்தா கையி, அத விட்டா எங் கையி. நடுவுல எங்கப்பா கூடத் தொட்டதில்ல. சொல்லுங்க மாப்பிள்ளை, எவ்வளவு வரும்?"

அம்மா இருமினாள். மாமா ஏற்கெனவே சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துவிட்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். எனக்கும் காட்டினார். ராஜாவின் அங்கியில் தொங்கிய சங்கிலியில் ஒரு குட்டி யானை, தும்பிக்கைச் சுருள் வரைக்கும் தெளிவாக இருந்தது. கன்னத்தில் மட்டும், தாடி தொடங்குகிற இடத்துக்கு மேலே, கடுகளவுக்கு மங்கல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த அளவுகோலில் அறுபதும் அதற்கு மேலும் என்றால் கைமாறாத காசு. ஐம்பத்தெட்டு என்றால் கிட்டத்தட்டப் புதுசு, ஆனால் புழங்கிய காசு. நடுவில் ஐம்பத்தொன்பது என்று ஒரு மார்க் கிடையாது, ஒளிந்துகொள்ள இடமில்லை.

"அம்பத்தெட்டு சார்" என்றார் மாமா. "கன்னத்துல லேசா தேஞ்சிருக்கு."



"கேசரி எடுத்துக்குங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா. மாப்பிள்ளை தம்பியாகிவிட்டதைக் கேட்ட அம்மா தன் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப எங்க தாத்தா பொய் சொன்னாருன்றீங்க."

"நான் சொல்லல சார். காசு சொல்லுது."

அவர் பெட்டியை மூடினார். நாணயங்களை ஆராய்ந்து மார்க் போடுவதற்கென்றே தூரத்து நகரத்தில் ஒரு கம்பெனி இருந்தது. காசை அனுப்பினால், கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, மார்க்கை மேலே அச்சடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே அனுப்பப்போவதாகச் சொன்னார். அறுபதோ அதற்கு மேலோ வந்தால் மாமா வந்து தாத்தாவின் படத்துக்கு ஒரு கும்பிடு போட வேண்டும், அதற்கப்புறம் கல்யாணப் பேச்சு. வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. வராமல் போகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

திரும்பும் வழியெல்லாம் அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். "ஒரு அறுபதுன்னு சொன்னா ஓங் கையிலேர்ந்தா போவுது?"

"இல்லாதத எப்படிக்கா சொல்றது?"

"சரி, பொண்ணையாவது பாத்தியா? அதுக்கு எவ்வளவு போட்ட?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளாறு வந்தது, போனது. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். காசைப் பார்த்த மும்முரத்தில் பெண்ணைப் பார்க்க மறந்துவிட்டார் என்று நான் முடிவுகட்டினேன். சிப்காட் நாற்றம் வந்தது. அன்றைக்கு அதற்கும் மார்க் இல்லை.

என் முழுப்பரீட்சை சமயத்தில் முடிவு வந்தது. பெண்ணின் அப்பா நேர்மையான மனிதர், அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்பத்தெட்டு. நீங்க சொன்னதேதான் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார். மாமா அரைக்கிலோ பால்கோவாவோடு வீட்டுக்கு வந்தார்.

"பாத்தியாக்கா எங் கண்ண! கம்பெனிக்காரனும் அதே நம்பர்!"

"பொண்ணு போச்சு, இவன் ஸ்வீட் வாங்கிக்கிட்டு வரான்" என்றாள் அம்மா.

வாயில் போட்ட துண்டை மாமா மெல்லாமல் நின்றார். தான் என்ன ஜெயித்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பல நாள் அவர் எதற்கும் மார்க் போடவில்லை. சாம்பாரை ஊற்றிவிட்டு அம்மாவே, "உப்பு சரியா இருக்காடா?" என்று கேட்பாள். "இருக்குக்கா" என்பார். அம்மா பயந்துபோனாள்.

ஆனித் திருமஞ்சனம் முடிந்த வாரம் மறுபடி மாமாவின் தொலைபேசி அடித்தது. மூன்றடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது அந்தக் குரல்.

"மாப்பிள்ளை! அறுபத்திரெண்டு!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் இருந்தோம். மேஜை மேல் புதுப் பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் அதே 1918, மேலே 62. நடந்ததை அவர் சொன்னார். ஐம்பத்தெட்டு வந்த பிறகு அவர் காசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். மகள்தான், தங்கள் நிலையத்திலேயே சந்தேகம் வந்தால் ஒரே சில்லை இரண்டு பேர் பார்ப்பார்கள், இரண்டு பேரும் வேறு வேறாகச் சொல்வதும் உண்டு என்று சொல்லி, கட்டிங் பிளேயரால் பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்து, புதிதாக வந்த காசைப் போல அதே கம்பெனிக்கு மறுபடி அனுப்பியிருக்கிறாள். அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வலது கட்டைவிரலில் ஒரு தழும்பு, இன்னும் சிவப்பு மாறவில்லை.

மாமா லென்ஸை வைத்துப் பார்த்தார். நானும் வாங்கிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு அறுபத்திரண்டு ஆனது என்றால், காய்ச்சல் விட்டு உடம்பு தேறுவதைப் போல ராஜாவும் தேறியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் கன்னத்தில் கடுகளவு மங்கல் அதே இடத்தில் இருந்தது.

"தேஞ்சது அப்படியேதான் மாமா இருக்கு" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெண்ணின் அப்பா மாமாவையே பார்த்தார். மாமா ராஜாவின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சமையலறை வாசலில் இருந்த அந்தக் கட்டைவிரலை லென்ஸ் இல்லாமலே பார்த்தார்.

"வெளிச்சம் சரியில்ல பாப்பா" என்றார். "அறுபத்திரெண்டு சார். சரியாத்தான் போட்டிருக்காங்க."

"என்ன சாரு மோரு? மாமான்னு கூப்புடுங்க மாப்பிள்ளை."

மாமா எழுந்துபோய்த் தாத்தாவின் படத்துக்குப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார். எனக்கு மாமாவின் மேல் கோபம். அந்தக் கூடத்தில் வெளிச்சம் நன்றாகவே இருந்தது.

பிறகு இதைப்பற்றி நிறையப் படித்தேன். இத்தனை கைகளைத் தாண்டி வந்த அந்தக் காசில் சண்டைக்கு அப்பாற்பட்டது அதில் அச்சிட்ட ஆண்டு ஒன்றுதான். மற்றதெல்லாம் பார்க்கிறவருடைய கண், விளக்கு, அன்றைய மனசு. கம்பெனிக்காரர்களும் மனிதர்கள்தானே. ஆனால் பத்து வயதில் எனக்கு எண் என்றால் எண்தான்.

ஆவணியில் கடலூரில் கல்யாணம். வரவேற்பு மேடையில் போட்டோ எடுக்க ஏறியபோது, புது அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"உங்க மாமா எதுக்கெடுத்தாலும் மார்க் போடுவாராமே. எனக்கு எவ்வளவு போட்டாரு?"

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொன்னேன். "போடவே இல்ல அத்தை. பஸ்ஸுல அம்மா கேட்டாங்க. ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்துட்டாரு."

அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார். பிறகு என் காதோரம் குனிந்தார்.

"நான் அவருக்கு மொதல்ல அம்பத்தெட்டுதான் போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொரு தடவ பாத்தேன்."

வீடியோக்காரரின் விளக்கு மாமாவின் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. நான் உற்றுப் பார்த்தேன். அதே மூக்கு, அதே கண்ணாடி, அசட்டுச் சிரிப்பு. ஒன்றுமே மாறவில்லை. அதே மாமாவுக்கு எப்படி மார்க் ஏறும் என்று யோசித்தபடியே போய் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றேன்.