திதாஸ்கலோஸ் என்றால் டீச்சர்

கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் எங்கள் பக்கம் முதலில் சிரிப்பார்கள், பிறகு "வேலை கிடைக்குமா?" என்பார்கள், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு கத்தித் தொண்டை கட்டிப்போன உங்களுக்காவது என் பாடு புரியும். கறம்பக்குடியில் ஓர் ஆலயக் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு. வருகிறவர்கள் எல்லாம், புதிய ஏற்பாட்டை அதன் மூலமொழியில் படிக்க விரும்பும் சுற்றுவட்டார ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள்.

கரும்பலகையில்

ஒரு சனிக்கிழமை 'திதாஸ்கலோஸ்' என்று எழுதினேன். சுவிசேஷங்களில் இயேசுவை ஜனங்கள் கூப்பிடும் சொல். தமிழில் 'போதகர்' என்று படிக்கிறோம். கற்றுக்கொடுப்பவர் என்று பொருள் என்றேன். திருவரங்குளத்தில் காய்கறிக்கடை வைத்திருக்கும் மெர்சி கையைத் தூக்கினார்.

"அப்ப டீச்சர்தானே சார்? அதுக்கு எதுக்குங்க இம்புட்டு பெரிய பேரு?"

போனில்

அடுத்த வாரம் உற்சாகத்தில் யாக்கோபு நிருபத்துக்குப் போனேன். போதகராக எல்லாரும் ஆசைப்படாதீர்கள், அவர்களுக்குக் கடவுளின் தீர்ப்பு கூடுதல் கடுமையாக இருக்கும் என்று வரும் இடத்திலும் இதே சொல்தான், பன்மையில் வருகிறது என்றேன். நான் பன்மையைக் காட்டத்தான் சொன்னேன். மெர்சி தீர்ப்பைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு மதியம் அவருடைய சபைப் போதகர் கூப்பிட்டார். பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்க, மெர்சி வரவே இல்லையாம். இனிமேல் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாராம்.

"நீங்க கிரேக்கம் சொல்லிக்குடுங்க சார், வேணாங்கல. எங்க டீச்சரை ஏங்க பயமுறுத்துறீங்க?"

கடையில்

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன். மெர்சி தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. "பிள்ளைங்க கேக்குற பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது சார். அதுக்கும் சேத்து நான் தீர்ப்பு வாங்கணுமா?" என்றார். ஒரு மொழியைக் கற்றுக்கொடுக்கப் போய், நல்ல டீச்சர் ஒருவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அப்போதுதான் சுவிசேஷத்தில் வரும் அந்தப் படகு நினைவுக்கு வந்தது. புயலில் படகு தள்ளாடுகிறது, இயேசு தூங்குகிறார். சீஷர்கள் அவரை உலுக்கி, சாகப்போறோமே, கவலையில்லையா என்று அலறும்போது கூப்பிடுவதும் இதே சொல்லால்தான் என்றேன். மெர்சி தக்காளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப நம்ம பிள்ளைங்க மாதிரியேதான் 'டீச்சர், டீச்சர்'னு கத்தியிருக்காங்க! சரி சார், பதில் தெரியாட்டியும் ஞாயித்துக்கிழமை போறேன், நான் போகாட்டி அதுகள அங்கிட்டு யாரு மேய்க்கிறது?"

ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அகராதி சொல்லிவிடும், அதைக் கேட்டுவிட்டு யார் வேலையை விடுவார்கள் என்பதை நாம்தான் பஸ் ஏறிப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.