கணினிக்கு நெற்றி எங்கே

கோலா பிலா பக்கத்து எஸ்டேட் ஆபீசில் நான் கிராணி, கணக்கெழுதும் வேலை. ஆயுத பூஜையன்று அங்குள்ள கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைப்பது, ஆட்களை மேய்க்கும் எங்கள் மண்டோர். பழைய மேசைக் கணினிக்கு அகலமான முகம், சிக்கலே இல்லை. பிறகு வந்த லேப்டாப்புக்கு நெற்றி நடுவில் கேமரா. அதன் மேலேயே சந்தனத்தை அப்பினார், துடைக்கவும் விடவில்லை. மறுநாள் வீடியோ மீட்டிங்கில் மானேஜர் என்னைத் தேடிக்கொண்டே இருந்தார்.

இந்த வருடம் டேப்லெட். ஓரம்கூட இல்லாமல் முழுக்கத் திரை. மண்டோர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு நெத்தியே இல்லையே லா. தூக்கிக்கிட்டு அலையிறது நீங்கதானே?”

பொட்டை என் நெற்றியில் வைத்து, எனக்கே சூடமும் காட்டிவிட்டார்.

பூஜையில் வைத்த கருவியை அன்று வேலை வாங்கக்கூடாது. இதை மானேஜரிடம் யார் சொல்வது?