ஒரே நாளில் விழுந்த காய்கள்

தகரக் கூரைமேல் "டொக்" என்று ஒரு சத்தம், அப்புறம் "கடகட"வென்று உருண்டு வந்து மண்ணில் விழுகிற சத்தம். மக்காடமியா என்கிற, கல் மாதிரி ஓடுள்ள சீமைக்கொட்டைக் காய் தானாக விழுவதை நான் முதலில் கேட்டது அப்படித்தான், பத்து வயதில், மத்தியானச் சோற்றுத் தட்டுக்கு முன்னால். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஏனென்று யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் என் மகன் வாயைக் கிளறிச் சொல்ல வைத்துவிட்டான்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மைசூரிலிருந்து காட்டோரமாகப் போகும் சாலையில் முந்நூறு மக்காடமியா மரம் நிற்கிறதே, ஒவ்வொன்றும் நான் ஒட்டுக்கட்டி வளர்த்தது. பட்டம் வாங்கியவர்கள் காரில் வந்து இறங்கி, "இந்த மண்ணுல இது எப்படிங்க வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். "எங்கப்பாவால முடியாததை நான் முடிச்சேன்" என்று அவர்களிடம் மார் தட்டியிருக்கிறேன். அதில் பாதி பொய்.

அப்பா சாமராஜநகர்ப் பக்கம் தமிழ் பேசுகிற மார்டள்ளி கிராமத்துக்காரர். மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுக் கிளம்பியபோது, அங்கிருந்த முதலாளி நாலு கன்றைக் கையில் கொடுத்து, "பறிக்காதே, உலுக்காதே, முற்றினால் தானாக விழும்" என்று ஒரே ஒரு பாடம் சொல்லி அனுப்பினார். அப்பா அவற்றை எங்கள் வீட்டைச் சுற்றி நட்டு, ஏழு வருடம் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். அம்மாவுக்கோ அந்த மரங்களைக் கண்டாலே ஆகாது. "இந்தக் கல்லுக்காய்க்கு ஊத்தின தண்ணிய வாழைக்கு ஊத்தியிருந்தா தார் தாரா வெட்டியிருக்கலாம்" என்பாள். "இந்த ஒரு காய்ப்பு பாப்போம் புள்ள. தேறலைன்னா நானே வெட்டிப் போடறேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்தார். எனக்கும் ஒரு வாக்கு: "காய் உளுந்ததும் மூட்டை கட்டிட்டு மைசூருக்குப் போறோம் கண்ணு. தசரா யானை காட்டறேன்."

காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது, விழவில்லை. தசராவோ நெருங்கிவிட்டது. அப்பா சாமராஜநகர் சந்தைக்கும் அம்மா களையெடுக்கவும் போயிருந்த ஒரு நாள், புளி அடிப்பதைப் பார்த்துப் பழகிய நான் துறட்டுக் கம்பை எடுத்து மூன்று மரத்தையும் ஒரு காய் மிச்சமில்லாமல் அடித்துத் தீர்த்தேன். நாலாவது மரம் கூரைமேல் சாய்ந்து நின்றது. அதை அடித்தால் தகரம் அலறித் தொட்டிலில் தூங்கும் தங்கச்சி எழுந்துவிடுவாள், அப்புறம் அவளை நான்தான் இடுப்பில் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று அதை மட்டும் விட்டேன். உதிர்ந்த தழையை அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டினேன்.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். "புள்ள, இங்க வா! அந்த மொதலாளி சொன்ன மாதிரியே தானா உளுந்துருச்சு!" என்று அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கூடையை எடுத்து வந்து நானும் கூடவே பொறுக்கினேன்.

மைசூரில் ஒரு மிட்டாய்க்கடைக்காரர் சுத்தியலால் நாலைந்தை உடைத்து வறுத்துப் பார்த்தார். பருப்பு சுருங்கிக் கறுத்துக் கசந்தது. "ஏனப்பா இது, தனா கூட தின்னல்ல!" என்று அவர் கன்னடத்தில் சொல்ல, கடையே சிரித்தது, மாடுகூடத் தின்னாதாம். அப்பா மூட்டையைத் திரும்பக் கட்டினார். கொடுத்த வாக்கு தவறாமல், அந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே கூட்டத்தில் நின்று எனக்கு யானை காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கோடரியை எடுத்தார். மூன்று மரம் சாய்ந்தது. நாலாவதில் கோடரியை ஓங்கும்போது அம்மாதான் ஓடிவந்து மறித்தாள். "ஐயோ, இது கூரை மேல உளுந்தா புள்ளைங்கள எங்க படுக்க வெக்கறது?"

மூன்று வாரம் கழித்து, சோறு தின்னும்போது, "டொக்." அப்பா எழுந்து போய்ப் பொறுக்கி வந்தார். பச்சைத் தோல் தானே வெடித்திருந்தது. அம்மிமேல் வைத்து உடைத்தால், உள்ளே வெண்ணெய் உருண்டை மாதிரி பருப்பு. பாதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மீதியை மென்றபடி வாசலுக்கு வெளியே மூன்று அடிக்கட்டைகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் எப்படிடா ஒரே நாள்ல உளுந்துச்சு?"

"கொரங்கு ஆட்டியிருக்கும்ப்பா."

கூரையோர எரவாணத்தில் செருகியிருந்த துறட்டுக் கம்புக்கு ஒருதரம் போய் அவர் கண் திரும்பியது. "ஆமா, கொரங்குதான்" என்றார். சோற்றைப் பிசைந்தார். சாகும்வரை அதைப்பற்றி அவர் பேசவே இல்லை.

தப்பிய அந்த ஒரு மரத்தின் காயை முளைக்க வைத்து, அதன் கிளையையே ஒட்டுக்கட்டித்தான் இந்த முந்நூறும். பாடுபட்டது நான்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் மைசூர் விஜயநகரில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கும் என் மகன் போன மாதம் போனில் சொல்கிறான்: "அப்பா, நாளைக்குக் காய் ஏத்த லாரி வருது. ஆளுங்க கம்போட வர்றாங்க. ஒரே நாள்ல அடிச்சு இறக்கிடலாம். மூணு மாசம் குனிஞ்சு குனிஞ்சு யாருப்பா பொறுக்கறது? சும்மா அடம் பண்ணாதீங்க."

பொறுக்க ஆள் இல்லை என்பது உண்மைதான். குனிகிற வேலை என்றால் எல்லாருக்கும் இடுப்பு வலி. விழுந்ததைக் காட்டுப்பன்றி தின்கிறது. இருந்தாலும் நான் கத்தினேன். அவனும் கத்தினான். "அடிச்சா கெட்டுப் போகும்னு எப்படித் தெரியும்? அடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

சொன்னேன்.

"தாத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்களா சொன்னீங்களா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

கம்போடு ஆள் யாரும் வரவில்லை. லாரி பாதி காலியாகத் திரும்பியது. மகன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த வயதில் நானே பன்றிக்கு முந்திக்கொண்டு குனிந்து பொறுக்குகிறேன். அந்தக் கிழட்டு மரம் இப்போதும் என் வீட்டின்மேல்தான் சாய்ந்து நிற்கிறது. ஆனால் தகரத்தை எடுத்துவிட்டு நான் பெருமையாகப் போட்ட கான்கிரீட் கூரையில் எந்தக் காய் விழுந்தாலும் உள்ளே சத்தம் கேட்பதில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் பாதியில் கையைக் கழுவிவிட்டு வெளியே போய், ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.