மணக்காத பொட்டலம்

அப்பாவின் பிழைப்பை நான்தான் கெடுத்தேன். ஆந்திராவில் அரிசிக்கடைக் கிளை திறக்கலாமா என்று பூக்கட்டிப் பார்க்க, நேற்று என் மகன் மல்லிகை வாங்கி வந்தான். அந்த வாசனை பட்டதும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆற்றில் தண்ணீர் வராமல், மன்னார்குடியில் எங்கள் அரிசி ஆலை ஓடாமல் நின்றது. ஆலையை நெல்லூருக்கு மாற்ற அப்பா துடித்தார். பாஷை தெரியாத பள்ளிக்கூடத்தை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மன் காலடியில் இரண்டு இலைப் பொட்டலங்கள் வைத்தார்கள். மல்லிகை வந்தால் போகலாம், அரளி வந்தால் கூடாது.

"கண்ண மூடிக்கிட்டு எடு தம்பி" என்றார் பூசாரி.

கண்ணை மூடினேன்; மூக்கை மூடவில்லை. அம்மன் பார்க்கிறாள் என்ற பயம் இருந்தது. ஆனாலும் மணக்காததையே எடுத்தேன்.

"ஆத்தா வேணாங்குறா" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஆலையை விற்றுவிட்டு, வேறொருவர் ஆலையில் கூலிக்கு நெல் அவித்தார்.

அவருடைய எழுபதாவது வயதில் காலில் விழுந்து உண்மையைச் சொன்னேன்.

"சாமி சொல்லுச்சுன்னுதான்டா இத்தன வருஷம் தாங்கிக்கிட்டேன்" என்றார்.

அதன்பின் அவர் அந்தக் கோயிலுக்குப் போகவே இல்லை.