இரண்டாயிரமாவது ஆண்டில் என் மாமனார்

எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு கூட்டம் நடத்துவார்கள் என்று கல்யாணத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு வேலையைப் பாருங்கள் என்றிருப்பேன். அறுபதுகளின் தொடக்கத்தில் அது நிஜமாகவே நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டைக்கு வருவார். கல்லூரி மண்டபத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், எழுந்து பேசலாம். வரப்போகிற காலத்தில் மழை எப்படி, ரோடு எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, என்ன சாப்பிடுவோம் என்று மதியம்வரை பேச்சு பிய்த்துக்கொண்டு போகும். முதல் கூட்டத்திலேயே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு அன்னவாசலில் பஸ் ஏறினால், திரும்பி வந்து சேரும்வரை என் வாய் ஓயாது. அவர் பாவம், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு ம் கொட்டுவார்.

அப்போது நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. பிள்ளை பிறந்தால் வேலை எதற்கு, முழுப்பரீட்சையோடு நின்றுவிட வேண்டியதுதான் என்று மாமனார் சொல்லிவிட்டார். எனக்கு அந்த வேலை என்றால் உயிர். கரும்பலகைக்கு முன்னால் நின்றால்தான் நான் நானாக இருப்பேன். ஆனால் மாமனார் ஊர் அம்பலகாரர். ஊர்க்கூட்டத்தில் தீர்ப்புச் சொல்கிறவர். சபையில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் தலை போனாலும் மாற்ற மாட்டார். எங்கள் பக்கத்தில் சபையில் சொன்ன சொல்லை மாற்றுகிறவன் வீட்டுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள்.

என் வேலை விஷயத்தை அவர் சபையில் சொல்லவில்லை, சாப்பிடும்போதுதான் சொன்னார். அதையாவது மாற்றச் சொல்லிக் கேளுங்களேன் என்று வீட்டுக்காரரிடம் மன்றாடினேன். நீயே கேளேன் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ராத்திரி அவர் குழம்பில் உப்பே போடவில்லை. மனுஷர் அதையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு மாமனாரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அப்படி என்னதான் பேசுறாங்கன்னு பாப்போம் என்றார். இனிமேல் என்னைக் கூட்டத்துக்கு விட மாட்டார், இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அன்றைக்குப் பார்த்துப் பேராசிரியர் ஒரு புது ஏற்பாடு வைத்திருந்தார். இது இரண்டாயிரமாவது ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே நின்றுகொண்டு உங்கள் ஊரில் என்ன பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான், மண்டபம் களைகட்டிவிட்டது. ஆவூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர், மாதா கோயில் மணியைக் கரண்டே அடிக்கிறது, மணியடிக்கிற உபதேசியார் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றார். வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது, குடம் சுமக்க ஆளே இல்லை என்று ஓர் அம்மாள் சொல்ல, பெண்கள் பக்கம் கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்கு உட்காரவே முடியவில்லை. மாமனார் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்புறம் எழுந்தார் விராலிமலைப் பக்கத்து அம்பலகாரர் ஒருவர். முந்தின மஞ்சுவிரட்டில் மாமனாருடைய காளையை அந்த ஊர் ஆட்கள்தான் பிடித்தார்கள். அதிலிருந்து அந்த ஊர்ப் பேரைக் கேட்டாலே மாமனாருக்குச் சோறு இறங்காது. அந்த மனுஷர் மீசையைத் தடவிக்கொண்டு, எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு ஹைஸ்கூல் நடக்கிறது, அன்னவாசல் பக்கத்துப் பிள்ளைகளும் படிப்புக்கு எங்களிடம்தான் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, மாமனாரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

மாமனார் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"எங்க ஊருப் பிள்ளைக படிக்க வெளியூரு போற பேச்சே கெடையாதுங்க. ஹைஸ்கூலு கட்டி எம்புட்டோ வருசமாச்சு. அதுக்குத் தலைமை டீச்சரு யாருன்னு நெனைக்கிறீங்க? எம்மருமக. அந்தா, அங்கிட்டு ஒக்காந்திருக்கு பாருங்க."

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. கணக்குப் பார்த்தால் இரண்டாயிரத்துக்குள் எனக்கு வயதாகி, வேலையிலிருந்து ஓய்வே கொடுத்திருப்பார்கள். அதை எடுத்துச் சொல்ல நான் என்ன பைத்தியமா? எழுந்து நின்று சபைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அருமையான கற்பனை ஐயா என்று பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார். மாமனார் உட்காரப் போனவர் நிமிர்ந்தார்.

"கற்பனையா? சபையில இல்லாததைச் சொல்ற வழக்கம் எங்களுக்கு இல்லைங்க."

பேராசிரியர் பதறிப்போய், இது சும்மா ஒரு பயிற்சிதான், சொன்னதை யாரும் செய்து காட்ட வேண்டியதில்லை என்று விளக்கினார். படித்த மனுஷர், அவருக்கு எங்கே தெரியும். சபையில் சொன்னால் சொன்னதுதான் என்று பின்வரிசையில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். விராலிமலைப் பக்கத்து அம்பலகாரர் துண்டை எடுத்துக் கழுத்து வேர்வையைத் துடைத்தார். அவரும் ஒரு ஹைஸ்கூல் கட்டியாக வேண்டுமே!

திரும்பும்போது பஸ்ஸில் மாமனார் விரல்விட்டு ஏதோ எண்ணிக்கொண்டே வந்தார். எங்கே மனம் மாறிவிடுவாரோ என்று எனக்கு அடித்துக்கொண்டது. இத்தனை நாளும் வாய் திறக்காத வீட்டுக்காரர் அப்போது பார்த்து, அப்பா, அது வெறும் பயிற்சிதான்னு பேராசிரியர் சொன்னாரே என்று ஆரம்பித்தார். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன் பாருங்கள், பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

அன்னவாசலில் இறங்கி ஊருக்கு நடந்தோம். முன்னால் போய்க்கொண்டிருந்த மாமனார் நின்று, நான் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தார். பிள்ளையை ஒங்கத்தை பாத்துக்கிருவா, நீ பள்ளிக்கூடத்துக்குப் போ என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிக் குதிக்க? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"ரெண்டாயிரத்துல நான் இருக்க மாட்டேன் ஆத்தா. சபையில சொல்லிப்புட்டேன். நீதான் காப்பாத்தணும்."

சபைக்குப் போட்டது போலவே அவருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். சரி மாமா என்றேன்.