மாமா கேட்காமல் விட்ட பஸ்

எங்கள் வீட்டில் நான்தான் அமைச்சர். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டோ குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டோ இருப்பேன். மாமா வாசல் நிலையைப் பிடித்தபடி வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, “மாண்புமிகு அமைச்சர் அவர்கள் அறிவார்களா?” என்று ஆரம்பிப்பார். செட்டியார்பட்டியில் மில் ஷிப்ட் விடும் நேரத்துக்கு ஏன் பஸ் இல்லை என்பார். நானும் விடாமல், “அரசின் பரிசீலனையில் உள்ளது” என்பேன். அதற்காகவே காத்திருந்தவர் போலத் துணைக்கேள்வி வரும். யார் பரிசீலிக்கிறார், எங்கே உட்கார்ந்து பரிசீலிக்கிறார், அவர் என்றைக்காவது அந்த நிறுத்தத்தில் நின்று பார்த்திருக்கிறாரா? கரண்டியும் கையுமாக நான் முழிப்பேன். “அங்கயும் இப்படித்தான் முழிப்பாக தாயி, நீ கவலப்படாத” என்று சிரித்துவிட்டுப் போவார். மறுநாள் சென்னைக்குக் கிளம்பிவிடுவார்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. இராஜபாளையத்து நூல் மில்லில் வேலை பார்த்து, தொழிற்சங்கத்தில் பேசிப் பேசி, கடைசியில் சட்டமன்றம் வரைக்கும் போனவர். உறுப்பினரான பிறகும் பஸ்ஸில்தான் சுற்றுவார். எந்த வழித்தடத்தைப் பற்றிக் கேட்கப் போகிறாரோ அதில் ஏறி, படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே போய் வருவார். சீட்டு கொடுக்க எழுந்தவர்களை உட்காரச் சொல்லி அதட்டுவார். எம்.எல்.ஏ. வீட்டு மருமகள் என்று நான் பெருமையடித்துக்கொள்ள அந்த வீட்டில் ஒரு கார்கூடக் கிடையாது. பேண்டேஜ் துணிக் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த அவருடைய மகனும் நானும் ஒருவரையொருவர் விரும்பியபோது, சாதி சனம் பாராமல், நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்றும் பாராமல் தானே வந்து பெண் கேட்டவர் அவர். அதனால் என் கோபத்தைப் பற்றி இனிமேல் நான் சொல்லப் போவதையெல்லாம், அவர் மேல் உயிரையே வைத்திருந்த ஒருத்தியின் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பகுதியில் கருவாட்டு வியாபாரம் செய்தாள். அப்பா போன பிறகு அந்தக் கூடைகள்தான் எங்களை வளர்த்தன. வாரந்தோறும் தூத்துக்குடிக்குப் போய்க் கடற்கரையில் சரக்கெடுத்து வந்து, இராஜபாளையம் வரைக்கும் விற்பாள். எங்கள் வீட்டுக்கு வரும்போது நெத்திலிப் பொட்டலம் ஒன்று மடியில் இருக்கும். மாமாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். சம்பந்திகளுக்குள் அப்படி ஒரு மரியாதை. அம்மா அடுப்படியில் உட்காருவாள், மாமா கூடத்தில் உட்காருவார், நடுவில் நான் நிற்பேன். “மழை வந்தா கரையில கருவாட்ட எங்க எடுத்து வைப்பாகன்னு கேளு தாயி” என்பார் மாமா. நான் கேட்கும் முன்பே அம்மா, “எங்க வைக்க, நனைஞ்சு புழுத்துத்தான் போவும்னு சொல்லுட்டி அவியகிட்ட” என்பாள். இரண்டு பேருக்கும் எல்லாமே காதில் விழும். இருந்தாலும் நான் வாய் திறக்கும் வரைக்கும் காத்திருப்பார்கள்.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் மாமா கடல் தொழிலையே படித்தார். கருவாடு காயப்போடத் தளம் கட்டித் தருவீர்களா, மழைக்கு ஒதுங்கக் கொட்டகை உண்டா, படகுக்காரருக்குக் கிடைக்கும் உதவி கரையில் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் பெண்ணுக்கு ஏன் இல்லை என்று அவையில் கேட்டார். மலையடிவாரத்து ஊர்க்காரர் மீனவருக்காகக் கேட்கிறாரே என்று ஒரு உறுப்பினர், உங்கள் தொகுதியில் கடல் எங்கே இருக்கிறது என்று கேலி செய்தாராம். “கடல் இல்ல, கொழம்புச் சட்டி இருக்கு” என்று மாமா சொல்ல, அவையே சிரித்திருக்கிறது. இதை அவர் வீட்டில் வந்து சொன்ன அன்று அம்மாவும் இருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆனால் அம்மா சொல்லாத ஒன்று இருந்தது. சரக்கெடுத்துத் திரும்பும்போது கூடையோடு அவளை எந்த பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். பஸ்காரர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது, பக்கத்து சீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஏறினாலும் சாத்தூரிலோ வேறெங்கோ இறக்கிவிடுவார்கள். பிறகு அவளும் கூட வரும் பெண்களும் ஏதாவது லோடு வேனை மறித்து, சாமான்களுக்கு நடுவில் குந்திக்கொண்டு வருவார்கள். கூடை வைக்க இடம் விட்டு, தூத்துக்குடியிலிருந்து நேராக ஒரு பஸ் வந்தால் போதும். “மாமாகிட்டச் சொல்லும்மா” என்று நான் அலுக்காமல் சொல்லியிருக்கிறேன். “பொண்ணு குடுத்த வீட்டுல போயி ஒண்ணு கேட்டு நிக்கலாமாட்டி? அவிய என்ன நெனைப்பாக?” என்று வாயை அடைத்துவிடுவாள்.

அவள் கேட்காவிட்டால் என்ன, நான் கேட்டேன். அடுப்படியில் அமைச்சர் வேஷத்தைக் கலைத்துவிட்டு, மாமா, இந்த பஸ்ஸைப் பற்றி ஒரு கேள்வி போடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“தாயி, ஊருல எந்த பஸ்ஸ வேணும்னாலும் கேப்பேன். இத மட்டும் கேக்க மாட்டேன். சம்பந்திக்காக பஸ் விட்டான்னு ஒரு பேச்சு வந்துரும். பொறவு நான் கேட்ட அம்புட்டு கேள்விக்கும் மதிப்பு போயிரும்.”

“அம்மா ஒருத்திக்கா மாமா? அத்தன பொம்பளைங்க வாராகளே.”

“அவுகளுக்காகன்னு நீ சொல்லுவ, நான் சொல்லுவேன். ஊரு சொல்லணும்ல?”

சொந்த மகனுக்கு ஒரு வேலைக்குக்கூடச் சிபாரிசு சொல்லாத மனிதர். அந்த நேர்மையைப் பார்த்துத்தான் ஜனம் அவருக்கு ஓட்டுப் போட்டது. அன்றைக்கு அது எனக்கு வேம்பாகக் கசந்தது. ஒரு வாரம் அவருக்கு அமைச்சராக இருக்க மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள், சாத்தூர் தாண்டி அம்மா வந்த லோடு வேன் வழுக்கிக் கவிழ்ந்தது. மற்றப் பெண்களுக்கு அடிபட்டதோடு போயிற்று. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். கூடைகளைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், கம்பியைப் பிடிக்கவில்லை என்று கூட வந்த பெண் ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாவைப் பெட்டியில் வைத்து, கோயில் பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்து முடிக்கும் வரைக்கும் மாமா சுவர் ஓரமாக நின்றார். பெட்டியை மூடப் போகும்போது கிட்டத்தில் வந்தார். வழக்கம்போல என் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. குனிந்து, “சம்பந்தியம்மா, ஒரு வார்த்த நீங்க எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?” என்று அம்மாவிடமே கேட்டார். சம்பந்தியான பிறகு, அவள் உயிரோடு இருந்தவரைக்கும் அவர் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகையோடு ஆத்திரமும் வந்தது. அவள் கேட்கவில்லைதான், நான் கேட்டேனே என்று கத்த வேண்டும் போல இருந்தது. பெட்டி விளிம்பிலிருந்து அவர் கையை எடுக்காமல் நின்றதைப் பார்த்து, கத்தாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த கூட்டத்தொடரில் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதற்கு வீட்டில் ஒத்திகை நடக்கவில்லை. துணைக்கேள்வி கேட்க எழுந்த மாமா பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார் என்று பிறகு யாரோ சொல்லித்தான் தெரியும். அமைச்சர் பரிசீலனை என்று சொல்லவில்லையாம், செய்கிறோம் என்றே சொல்லிவிட்டாராம். கொஞ்ச மாதத்தில் பஸ் வந்தது. கடைசி வரிசை சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கூடை வைக்க இடம் விட்டிருந்தார்கள். இவ்வளவு சுலபமாக நடக்கக்கூடிய காரியமா இது, அம்மா இருந்தபோதே நடந்திருக்கக் கூடாதா?

மாமா அதற்குப் பிறகு தேர்தலில் நிற்கவில்லை. இப்போது நடை தளர்ந்துவிட்டது. வெயில் தாழ, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். போன வாரம் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது தூத்துக்குடி பஸ் வந்து நின்றது. கருவாட்டுக்காரப் பெண்கள் கண்டக்டரோடு வம்பளந்துகொண்டே கூடைகளை இறக்கினார்கள். அதில் ஒருத்தி மாமாவைப் பார்த்துவிட்டு, “எங்களுக்குன்னு ஒரு வண்டி விட்டிய, நல்லாருப்பிய அய்யா” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். மாமா பதிலுக்குக் கை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். படியேறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தாயி, மறைக்காமச் சொல்லு. இந்த பஸ்ஸ சம்பந்திக்காக விட்டான்னு ஊருல யாராச்சும் பேசுனாகளா?”

“இல்ல மாமா. யாரும் பேசல.”

“ஒருத்தர்கூடவா?” என்றார்.