பதினொன்றோடு நிற்கும் பட்டை

அந்த வாரம்தான் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடித்திருந்தது. என் மகள் வேலை பார்த்த இடம் இல்லை என்று தெரிந்த பிறகும் இரண்டு முறை அவளுக்குப் போன் போட்டேன். அவள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, திருத்தங்கலுக்கு அப்பால் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் சேர்ந்திருந்தாள். வெடிமருந்து கலக்கும் அறைகள் அவள் ஜன்னலிலிருந்தே தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் அழைத்து வரப் போனேன்.

"அப்பா, இங்கன வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

திரையில் ஒவ்வொரு மருந்து அறையின் வெப்பமும் மணிக்கு மணி ஒரு கோடாக ஏறியது. அறை எண்களுக்கு நேரே டிக் அடிக்கும் கட்டங்கள். கீழே மவுஸால் இழுக்க ஒரு பட்டை. இழுக்க இழுக்க நேரம் நகர்ந்து கோடு நீளும். முதலாளி கேட்டு, அவளே எக்ஸெல்லில் செய்தது.

ஒரு டிக்கை எடுத்தாள். ஒரு கோடு மறைந்தது.

"அந்த ரூம் எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகலப்பா. வேணுங்கறத மட்டும் பாத்துக்கிடலாம்."

"வேணாங்கறத மறைச்சுக்கிடலாம்னும் சொல்லு."

"உங்களுக்கு மிக்ஸி ஓடுனாலும் சந்தேகந்தான்" என்று சிரித்தாள்.

நான் பட்டையை இழுத்துப் பார்த்தேன். பதினொரு மணிக்கு மேல் நகரவில்லை. வெயில் ஏறுமுன் மருந்து கலந்து முடித்து அறையைப் பூட்டிவிடுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

"போர்மேன் எழுதிக் குடுக்கற கணக்கு நாலு மணி வரைக்கும் இருக்குப்பா. மொதலாளிதான் பதினொண்ணோட நிறுத்தச் சொன்னாக."

"பூட்டுன ரூமுக்குள்ள போயி நாலு மணிக்கு யாரு தாயி வெக்கை பாத்து எழுதுறா?"

சிரிப்பு நின்றது. பட்டையின் எல்லையை நாலு மணிக்கு மாற்றி இழுத்தாள். மற்ற கோடுகள் பதினொன்றில் நின்றன. இரண்டு மட்டும் மேலே மேலே ஏறின. இரண்டும் அவள் ஜன்னலுக்கு எதிரே இருந்த அறைகள். தீபாவளி சீசன் ஆர்டர் நெருக்கிய நேரம் அது.

திங்கட்கிழமை அதை அப்படியே முதலாளியிடம் காட்டியிருக்கிறாள். "படிச்ச புள்ள, நல்லா செஞ்சிருக்கம்மா. தெர்மாமீட்டர் வெளிச் செவுத்துலதான் தொங்குது. பழையபடி ஆக்கிரு" என்றாராம்.

"வெளிய தொங்குனா எல்லா ரூமுக்கும்ல நாலு மணி வரைக்கும் கணக்கு இருக்கணும்" என்றாள் வீட்டில், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. போகாதே என்று நான் சொல்லவும் இல்லை. பட்டையை மாற்றாமலே வந்திருந்தாள். பிறகு யார் மாற்றினார்களோ. அந்த இரண்டு அறைகளுக்கும் மத்தியானத்தில் மருந்து கலக்க ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.